உடைமையும் பற்றும்: இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்களை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

உடைமை என்பது யாது என்னும் வினா அறவியற் சிந்தனையின் பழைய வினாக்களுள் ஒன்று. நிலம், ஆலை, உழைப்பு ஆகியவற்றைக் கொண்டே அது பெரும்பாலும் ஆராயப்பட்டு வந்துள்ளது. விளையாட்டு அவ்வாராய்ச்சியில் இடம்பெறுவது அரிது. பொழுதுபோக்கென ஒதுக்கப்படும் ஒன்றில் பாரிய அறச் சிக்கல் எதுவும் இருத்தல் கூடுமென அறிஞர் பலர் எண்ணியதில்லை. ஆயினும், ஒன்றை விலைகொடுத்து வாங்கியவருக்கு அதன்மீது எவ்வளவு உரிமை உண்டு, அதனை ஆக்கியவர்களுக்கு எவ்வளவு உண்டு என்னும் கேள்வி மிகத் துலக்கமாக எழும் இடங்களுள் ஒன்றாக இங்கிலாந்தின் உதைபந்தாட்ட மைதானத்தைக் குறிப்பிடலாம்.

2016 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆம் திகதி லிவர்பூல் கழகம் தனது அன்பீல்ட் மைதானத்தில் சண்டர்லாண்ட் கழகத்தை எதிர்த்து ஆடிற்று. இரண்டுக்குப் பூச்சியம் என்ற நிலையில் லிவர்பூல் முன்னின்றது. ஆட்டத்தின் 77 ஆவது நிமிடத்தில் பார்வையாளருள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் என மதிப்பிடப்பட்ட தொகையினர் எழுந்து வெளியேறினர். அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த புதிய பிரதான அரங்கில் மிகக் கூடிய கட்டணம் 77 பவுணாக இருக்கும் என நிருவாகம் அறிவித்திருந்தமையே அதற்குக் காரணம். அவர்கள் சென்ற பின்னர் சண்டர்லாண்ட் இரண்டு கோல்களைப் போட்டு ஆட்டத்தைச் சமன்செய்தது. சில நாட்களுள் கழகத்தின் அமெரிக்க உரிமையாளர்கள் மன்னிப்புக் கோரி அத்திட்டத்தைக் கைவிட்டனர்.

வெளியேறியவர்களின் நிலை விந்தையானது. அன்றைய ஆட்டத்துக்கான பணத்தை அவர்கள் ஏற்கெனவே செலுத்திவிட்டனர். எழுந்து போனதால் அதில் ஒரு சதமேனும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. தம் அணி வெல்லுமென்ற நிலையில், தாம் மிக விரும்பிய காட்சியின் இறுதிப் பகுதியைத் தாமாகவே இழந்தனர். அடுத்த ஆட்டத்துக்கு அவர்களுட் பெரும்பாலோர் திரும்பி வந்தனர். விலை கூடிவிட்டதென்று கடையை விட்டு நீங்கும் நுகர்வோர் எவரும் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. எனவே, இரசிகரை நுகர்வோர் என்னும் சொல்லால் முற்றாக விளக்கிவிட முடியுமா என்னும் ஐயம் இங்கேயே தோன்றுகின்றது.

பொருளியலாளர் அல்பேர்ட் ஹேர்ஷ்மன் 1970 இல் வெளியிட்ட நூலொன்று இவ்விடத்தில் துணைபுரிகின்றது. ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதனைச் சார்ந்தோர் செய்யக்கூடியவை இரண்டு என அவர் கண்டார். ஒன்று வெளியேறுதல், மற்றையது குரலெழுப்புதல். பற்று என்பது வெளியேற்றத்தைத் தாமதப்படுத்திக் குரலுக்கு வாய்ப்பளிக்கின்றது. எனினும், வெளியேறக்கூடும் என்ற அச்சுறுத்தல் பின்னால் நிற்கும்போதே குரலுக்கு வலு உண்டு என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். உதைபந்தாட்ட இரசிகரிடத்தில் அந்த அச்சுறுத்தல் மிகப் பலவீனமானது. அரிசி விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். லிவர்பூலின் இரசிகர் ஒருவரைப் பார்த்து, அதே நகரத்து எவர்ட்டன் கழகத்தில் கட்டணம் குறைவு, அங்கே போவீராக என்று சொல்வது, தாய் கண்டிப்பானவள் என்பதற்காக அயல்வீட்டுப் பெண்ணை அம்மா என்று அழைக்கச் சொல்வது போன்றது. இந்த இயலாமையை உரிமையாளர் நன்கறிவார். விலையை எவ்வளவு உயர்த்தினாலும் பற்றுள்ளவர் இயன்றவரை கொடுத்தே தீருவார். ஆகவே இங்கு அறவிடப்படும் மேலதிகப் பணம் ஆட்டத்தின் தரத்துக்கான விலையன்று. பற்றின்மீது விதிக்கப்படும் வரி என்றே அதனைக் கொள்ளவேண்டியுள்ளது.

சந்தையின் தரப்பில் கூறப்படுவதையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். அது எளிதில் தள்ளிவிடத்தக்க வாதமன்று. பெரிய மைதானமொன்றில் அறுபதினாயிரம் பேருக்கு இடமுண்டு எனக் கொள்வோமாயின், வரவிரும்புவோர் அதனிலும் பன்மடங்கினர். எவ்வாறாயினும் பலர் வெளியே நிற்கவே வேண்டும். விலையைக் குறைத்து வைத்தால் அந்த வேறுபாடு கறுப்புச் சந்தையில் சீட்டு விற்பவரின் பைக்குள் போகும். மேலும், தலைமுறை தலைமுறையாக அந்நகரில் வாழ்பவருக்கே முன்னுரிமை என்றால், அது பிறப்பினாற் கிடைத்த சலுகையன்றி வேறென்ன? லாகோஸிலோ சிங்கப்பூரிலோ இருந்து ஒருமுறை வந்து பார்க்க ஆண்டுக்கணக்காகச் சேமித்தவரின் பற்று தாழ்ந்ததா? விலை ஒன்றே எவரது குலத்தையும் ஊரையும் கேளாதது என்று சந்தைவாதி கூறுவார்.

இவ்வாதத்தின் பிற்பகுதியில் உண்மை உண்டு. பிறப்பினால் வரும் உரிமையை ஐயுறுவதற்கு நியாயமுண்டு. ஆயின், முற்பகுதி ஒரு நழுவலைக் கொண்டது. பங்கீடு எதுவாயினும் சிலரை வெளியே நிறுத்தும் என்பது சரி. வரிசையில் நிற்கச் செய்தால் நேரமும் பொறுமையும் இல்லாதவர் வெளியே நிற்பர். திருவுளச்சீட்டுப் போட்டால் அதிர்ஷ்டமில்லாதவர் வெளியே நிற்பர். விலையினாற் பங்கிட்டால் பணமில்லாதவர் வெளியே நிற்பர். இவை மூன்றும் ஒன்றல்ல. முதலிரண்டினாலும் வெளியே நின்றவர் அடுத்த கிழமை உள்ளே வரக்கூடும். மூன்றாவதால் வெளியே நிறுத்தப்பட்டவர் ஒவ்வொரு கிழமையும் அவரேயாவார்.

பணம் தேவை என்பதாலேயே விலை உயர்கின்றது என்ற விளக்கமும் பலமானதன்று. பிரீமியர் லீக் தனது உள்நாட்டுத் தொலைக்காட்சி உரிமையை 2025 தொடக்கம் 2029 வரையான நான்கு பருவங்களுக்கு 670 கோடி பவுணுக்கு விற்றுள்ளது. வெளிநாட்டு உரிமைகள் தனி. முதன்மைக் கழகங்களின் மொத்த வருமானத்தில் வாயிற்கட்டணம் சிறு பங்கே. அச்சிறு பங்கிலும், விலையுயர்வினாற் கிடைக்கும் மேலதிகம் இன்னுஞ் சிறியது. லிவர்பூல் நிருவாகம் 2016 இல் நான்கே நாட்களில் தன் முடிவை மாற்ற முடிந்தது என்பதே அப்பணமின்றியும் கழகம் நடக்கும் என்பதற்குச் சான்று.

இன்றைய நிலைமை எவ்வாறு தோன்றிற்று என்பதை அறியச் சற்றுப் பின்நோக்கிச் செல்லவேண்டும். இக்கழகங்களை ஆக்கியவர் பெருமுதலாளிகள் அல்லர். மன்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தின் முன்னோடியான நியூற்றன் ஹீத்தை 1878 இல் அமைத்தோர் புகையிரதப் பெட்டிகள் செய்யும் தொழிலாளர். ஆர்சனல் 1886 இல் வூலிச் படைக்கலத் தொழிற்சாலையின் தொழிலாளரிடையே பிறந்தது. செல்ற்றிக் கழகம் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வறியோருக்கு நிதி திரட்டவென 1887 இல் தோன்றியது. லிவர்பூலின் பிறப்போ தனிக் கதை. 1892 வரை அன்பீல்டில் ஆடிய கழகம் எவர்ட்டன். மைதானத்தின்மீது ஆதிக்கம் கொண்டிருந்த மதுவடி சாலை அதிபர் ஜோன் ஹோல்டிங்குக்கும் கழக உறுப்பினருக்கும் வாடகை முதலிய விடயங்களில் பிணக்கு ஏற்பட்டது. உறுப்பினர் பெரும்பான்மையோர் வெளியேறி வேறொரு மைதானத்துக்குச் சென்றனர். ஹோல்டிங்கிடம் எஞ்சியது வெறும் மைதானம். எவர்ட்டன் என்ற பெயரைத் தனது கம்பனிக்குச் சூட்டிக்கொள்ள அவர் முயன்றார், அதற்கு இடமளிக்கப்படவில்லை. வேறு வழியின்றி அவர் உருவாக்கியதே லிவர்பூல் கழகம். ஆக, கழகம் என்பது மைதானமா, பதிவுசெய்யப்பட்ட கம்பனியா, அன்றி மனிதரா என்ற வினாவுக்கு 1892 இல் அளிக்கப்பட்ட விடை மனிதர் என்பதே. 2016 இல் கட்டணத்தை எதிர்த்து எழுந்து போனவர்கள் ஹோல்டிங் உருவாக்கிய கழகத்தின் இரசிகர்கள் என்பது வரலாற்றின் குறும்பு.

கழகங்கள் காலப்போக்கில் வரையறுத்த கம்பனிகளாயின. ஆயினும் அவற்றை இலாபத்துக்கான கருவியாக்குதலாகாது என்ற உணர்வு இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் விதிகளில் நீண்டகாலம் நிலைத்திருந்தது. பங்கிலாபத்துக்கு எல்லை விதிக்கப்பட்டது. பணிப்பாளர்கள் சம்பளம் பெறுவது தடுக்கப்பட்டது. கழகம் கலைக்கப்பட்டால் எஞ்சும் சொத்து விளையாட்டு, தரும நிறுவனங்களுக்கே சேரவேண்டும் எனப்பட்டது. 1983 இல் ரொட்டன்ஹாம் ஹொட்ஸ்பர் இதற்கு வழியொன்று கண்டுபிடித்தது. கழகத்துக்கு மேலே ஒரு தாய்க் கம்பனியை அமைத்து, அக்கம்பனியைப் பங்குச்சந்தையிற் சேர்த்தது. விதி கழகத்தைக் கட்டுப்படுத்தியது. தாய்க் கம்பனியைத் தொடவில்லை. விதியை எழுத்தளவில் மீறாது அதன் உயிரை எடுத்தமைக்கு இது நல்ல உதாரணம். சங்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஏனைய கழகங்களும் பின்தொடர்ந்தன.

1989 ஏப்ரல் 15 ஆம் திகதி செவ்பீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலிற் சிக்குண்டு லிவர்பூல் இரசிகர்கள் உயிரிழந்தனர். ஆண்டுகள் பல கழித்துக் காயங்களின் விளைவாக இறந்தோரையும் சேர்த்து அத்தொகை 97. விசாரணை நடத்திய ரெயிலர் பிரபு 1990 இல் அளித்த இறுதி அறிக்கையில், பெரிய மைதானங்கள் யாவும் முற்றாக ஆசனங்கள் கொண்டனவாக மாற்றப்பட வேண்டும் என்றார். அதேவேளை, நின்று பார்த்தவர்களின் பைக்கு ஏற்ற விலையிலேயே மலிவான ஆசனங்கள் அமைதல் கூடும் என்றும் அவர் கருதினார். கிளாஸ்கோவின் ஐபுரொக்ஸ் மைதானத்தில் நிற்க 4 பவுண், இருக்க 6 பவுண் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். கழகங்கள் அறிக்கையின் ஆசனத்தை எடுத்துக்கொண்டன, விலையை விட்டுவிட்டன. 1992 இல் பிரீமியர் லீக் தொடங்கிற்று. இறந்தோரின் பெயரால் கட்டப்பட்ட ஆசனங்களில் இறந்தோரின் வகுப்பினர் அமரமுடியாத நிலை மெல்ல உருவாயிற்று. இவ்வரலாற்றில் இதனிலும் கசப்பான பகுதி வேறில்லை.

இனி, உரிமையின் அடிப்படைக்கு வரலாம். ஒருவன் தன் உழைப்பை ஒரு பொருளுடன் கலக்கும்போது அப்பொருள் அவனுடையதாகின்றது என்பது ஜோன் லொக்கின் புகழ்பெற்ற கருத்து. இரசிகர் எதனுடன் எதனைக் கலக்கின்றார்? பாடுகின்றார், கத்துகின்றார், மழையில் நிற்கின்றார் என்பதெல்லாம் உழைப்பாகுமா எனச் சிரிப்பவர் உண்டு. 2020 இல் அச்சிரிப்புக்கு விடை கிடைத்தது. கொள்ளைநோய் காரணமாக நின்றிருந்த ஆட்டங்கள் அவ்வாண்டு யூனில் வெற்று மைதானங்களில் மீளத் தொடங்கின. பதினொருவருக்குப் பதினொருவர் அதே திறமையுடன் ஆடினர். ஆயினும் தொலைக்காட்சி நிறுவனங்கள் பதிவுசெய்யப்பட்ட கூட்ட இரைச்சலை ஒளிபரப்புடன் சேர்த்தன. உலகெங்கும் விற்கப்படும் பண்டத்தின் ஒரு பாகம் குறைந்துவிட்டதென விற்பவர்களே ஒப்புக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம். அப்பாகத்தை ஆக்குவோர் அரங்கில் இருப்போர்.

லொக் இதனை ஏற்றிருப்பாரா என்பது வேறு. தன் பணியாள் வெட்டிய புற்கட்டியும் எசமானுக்கே உரியது என்று எழுதியவர் அவர். கூலி பெறுபவரின் உழைப்பு கூலி கொடுப்பவருக்குச் சேரும் என்பது அவரது துணிபு. அதனை ஒப்புக்கொண்டாலும் இரசிகரின் நிலை அதற்குள் அடங்காது. பணியாளுக்குக் கூலியாவது கிடைத்தது. இரசிகரோ தாம் உழைப்பதற்குத் தாமே பணம் செலுத்துகின்றார்; அப்பணம் ஆண்டுதோறும் கூடுகின்றது.

வாங்கியவர் பக்கத்திலும் ஒரு காட்சியை நோக்கலாம். 2005 இல் அமெரிக்கரான மல்கம் கிளேசர் மன்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தை ஏறத்தாழ 79 கோடி பவுண் பெறுமதியில் வாங்கினார். அதிற் பெரும்பகுதி கடன். அக்கடனிற் பெரும்பங்கு, அதுவரை கடன்சுமை இல்லாதிருந்த கழகத்தின் தலையிலேயே சுமத்தப்பட்டது. வேறு சொற்களிற் கூறின், கழகத்தை வாங்குவதற்கான பணத்தைக் கழகமே கட்டவேண்டியதாயிற்று. கழகத்தின் வருமானத்தில் ஒரு பங்கு இரசிகரின் சீட்டிலிருந்து வருவது. தம் கழகம் தம்மிடமிருந்து வாங்கப்படுவதற்கு அவர்களும் தவணை செலுத்தினர். மனமுடைந்த ஒரு பகுதியினர் அதே ஆண்டில் எப்.சி. யுனைற்றெட் ஒப் மன்செஸ்ரர் என்ற புதிய கழகத்தை அமைத்தனர். அங்கு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. 2015 இல் அவர்களுக்குச் சொந்த மைதானமும் கிடைத்தது. எனினும், அவர்கள் சென்றபின் பழைய மைதானத்தில் அவர்களின் இருக்கைகள் வெறுமையாகக் கிடக்கவில்லை. ஹேர்ஷ்மன் கூறிய வெளியேற்றத்தை அவர்கள் மெய்யாகவே செய்தனர்; விலை இறங்கவில்லை. இழப்பு அவர்களுடையதே. இருபது ஆண்டு நண்பர்கள் இருவர் சனிக்கிழமை பிற்பகல் வெவ்வேறு மைதானங்களுக்குப் போகும் நிலை வந்தது. இதனைக் கணக்கேட்டின் எப்பக்கத்தில் எழுதுவது?

இங்கு இரசிகரைப் புனிதராக்கும் மயக்கமும் தவிர்க்கப்பட வேண்டும். 2021 ஒக்ரோபரில் சவூதி அரேபியாவின் அரச முதலீட்டு நிதியம் நியூகாசில் கழகத்தின் பெரும்பங்கை வாங்கியபோது, மைதானத்தின் வெளியே இரசிகர்கள் கூடிக் கொண்டாடினர். பணம் எங்கிருந்து வருகிறது, அதனைத் தருவோர் மனித உரிமைகளை எவ்வாறு நடத்துவோர் என்னும் வினாக்களைக் கேட்டவர் சிலரே. விலையுயர்ந்த ஆட்டக்காரர் வேண்டும், கட்டணம் மட்டும் ஏறக்கூடாது என்ற இருமனம் அரங்குகளில் மிகப் பொதுவானது. போட்ஸ்மவுத்தின் கதை இதனிலும் சிந்திக்கத்தக்கது. வங்குரோத்தின் விளிம்பிலிருந்த அக்கழகத்தை 2013 இல் இரசிகர்களின் நம்பிக்கைப் பொறுப்பு அமைப்பு மீட்டது. நான்கே ஆண்டுகளின் பின்னர், 2017 இல், உறுப்பினரில் மிகப் பெரும்பான்மையோர் வாக்களித்து அதனை அமெரிக்கச் செல்வர் மைக்கல் ஐஸ்னருக்கு விற்றனர். எவரும் வற்புறுத்தவில்லை. மேலே செல்ல முதலீடு வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். தமது என்று ஆனபின் மனிதர் தாமும் விற்பனையாளராகக்கூடும் என்பதை இது உணர்த்துகின்றது. அன்றிருந்த உறுப்பினருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பது கேட்கவேண்டிய கேள்வி. ஏனெனில், கழகத்தை அமைத்தவர்கள் இறந்துவிட்டனர்; இனி அதனை நேசிக்கப் போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை. இவர்களுள் எவரும் வாக்களிக்கவில்லை.

தமிழில் தருமகர்த்தா என்னும் சொல் உண்டு. கோயிலை நடத்துபவர், அதன் திறப்பை வைத்திருப்பவர், அதன் வரவு செலவுக்குப் பொறுப்பானவர். ஆயினும் கோயில் அவருடையதன்று. தருமகர்த்தாக்கள் யாவரும் இதனை நினைவில் வைத்திருந்தனர் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால், அவர் தவறும்போது அது தவறு என்று சொல்வதற்கான சொல் சமூகத்திடம் இருந்தது. உதைபந்தாட்டக் கழகத்தை வாங்கியவர் தவறும்போது, கம்பனிச் சட்டத்தில் அதற்குப் பெயரில்லை. தன் பொருளைத் தன் விருப்பப்படி விற்றார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

ஜேர்மனி இதற்குச் சட்டவடிவம் ஒன்று கொடுத்துப் பார்த்தது. 1998 தொடக்கம் அங்கு கழகங்கள் கம்பனி அமைக்கலாம். ஆனால் வாக்குரிமையில் ஐம்பது வீதத்துக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடம் இருத்தல் வேண்டும். லெவர்குசன், வொல்ஸ்பேர்க் போன்ற விலக்குகள் உண்டு. லைப்சிக் கழகம் மிகச் சிலரை மட்டுமே வாக்குள்ள உறுப்பினராகச் சேர்த்து விதியின் சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டது. இக்குறைகள் இருந்தும், டோர்ட்மண்டின் தென்புற அரங்கில் ஏறத்தாழ 25,000 பேர் இன்றும் மலிவாக நின்று பார்க்கின்றனர். 2023 டிசெம்பரில் ஜேர்மன் லீக் அமைப்பு வெளி முதலீட்டாளரைச் சேர்க்கத் தீர்மானித்தபோது, இரசிகர்கள் கிழமைதோறும் மைதானத்துள் ரெனிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களை நிறுத்தினர். 2024 பெப்ரவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அங்கு குரலுக்கு வலு இருந்தமைக்கு, பின்னால் வாக்கு இருந்தமையும் ஒரு காரணம்.

இங்கிலாந்தும் முற்றாக அசையாதிருக்கவில்லை. 2021 ஏப்ரலில் ஆறு ஆங்கிலக் கழகங்கள் ஐரோப்பிய மேல்நிலை லீக் ஒன்றிற் சேர்வதாக அறிவித்து, இரசிகரின் சீற்றத்தால் இரண்டே நாட்களிற் பின்வாங்கின. அதன் விளைவாக எழுந்த ஆய்வும் விவாதமும் 2025 யூலையில் உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டமாக முடிந்தன; சுயாதீன ஒழுங்குபடுத்துநர் ஒருவரும் அமைக்கப்பட்டார். கார்டிவ் கழகத்தின் உரிமையாளர் 2012 இல் அதன் நீலச் சட்டையைச் சிவப்பாக்கியதும், 2015 இல் நீலத்துக்கு மீண்டதும் சட்டமியற்றியோரின் நினைவில் இருந்திருக்க வேண்டும். கழகச் சின்னத்தையோ சட்டையின் பிரதான நிறத்தையோ மாற்றுவதாயின், இரசிகருட் பெரும்பான்மையோர் அதனை ஆதரிக்கின்றனர் என்பதைக் கழகம் அறிந்துகொள்ள வேண்டும் என்கிறது இச்சட்டம். நுழைவுக் கட்டணத்தைப் பொறுத்தவரை அது வேண்டுவது கலந்தாலோசனை.

இவ்வேறுபாட்டை ஒரு நிகழ்ச்சியின்மேல் வைத்துப் பார்க்கலாம். 2024 இன் இறுதியில், பருவம் பாதி கடந்துகொண்டிருந்த வேளையில், மன்செஸ்ரர் யுனைற்றெட் கழகம் உறுப்பினருக்கு விற்க எஞ்சியிருந்த லீக் ஆட்டச் சீட்டுகளின் ஆகக் குறைந்த விலையை 66 பவுணாக்கியது; சிறுவருக்கும் முதியோருக்கும் இருந்த சலுகையும் நீக்கப்பட்டது. புதிய சட்டம் அன்று நடைமுறையில் இருந்திருப்பின், பேரனை அழைத்துவரும் முதியவர் ஒருவரின் கருத்தை நிருவாகம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். கேட்டபின் 66 பவுணையே அறவிட்டிருக்கலாம். சட்டையைச் சிவப்பிலிருந்து வேறு நிறமாக்க விரும்பியிருந்தால் மட்டும் அவருடைய சம்மதம் தேவைப்பட்டிருக்கும்.